பார்த்தவர்களுக்கு ஓட்டு இல்லை

உலகத்திலேயே அழகான ஊர்களும் கிராமங்களும் எந்தத் தேசத்தில் இருக்கின்றன என்ற கேள்விக்கு 1935-ஆம் வருஷம் பங்குனி மாதம் மயிலாப்பூரில் முடிவு கண்டுவிட்டார்கள். சம்பந்தப்பட்ட தேசங்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை என்றால் அதற்கு மயிலாப்பூர் பொறுப்பில்லை.

முடிவு கண்டவர்கள் மயிலை சௌந்தர்ய விசார சபையார். தலைவர் நீங்கலாக இருபத்துநாலு அங்கத்தினர்கள். அவர்களில் பதினெட்டுப் பேர் வக்கீல்கள். மிச்சம் ஆறு பேர் வக்கீல்களாக இருந்து ஓய்ந்தவர்கள். அரக்கோணத்துக்கு அப்பால் போயிருந்தவர்கள் காசி யாத்திரை போனவர்கள்தான். அவர்களும் கண்ணில் கரி விழுமே என்று ரயில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போனவர்கள். இப்படி எந்த ஊரும் கண்ணைக் கெடுத்துவிடாத இருபத்துநாலு பேர் ஒரே சபையில் அமைந்தது பூர்வ புண்ணியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். இருபத்தைந்தாவது ஆள் சீமைக்குப் போய்ப் படித்து வந்தவர். முதல் கூட்டத்திலேயே எழுந்து, "நான் அங்கே பார்த்தபோது" என்று தொடங்கினார். மற்றவர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்த சனிக்கிழமை சபையின் ஏழாவது விதி பிறந்தது: 'ஓர் ஊரை நேரில் பார்த்தவருக்கு அதன்மேல் விருப்போ வெறுப்போ உண்டாகிவிடுகிறது. விருப்பு வெறுப்பு உள்ளவர் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றவர். ஆகவே பார்த்தவர்களுக்கு ஓட்டு இல்லை.' சீமைக்குப் போனவர் ராஜிநாமா செய்துவிட்டு டென்னிஸ் ஆடப் போய்விட்டார். அதன் பிறகு சபையில் தொல்லை இல்லை.

இந்தச் சபைக்கும் ஷரஃபுதீனுக்கும் ஒரு சம்பந்தமும் இருந்திருக்க வேண்டியதில்லை. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவருக்கு சௌந்தர்ய விசாரம் எதற்கு? அவருக்கு வேண்டியிருந்தது ஒரு தண்ணீர்க் குழாய்.

சபை மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி ஈயக்காரச் சந்து இருந்தது. முப்பத்தொரு வீடுகள். சந்தில் ஒரு கிணறு உண்டு; தை பிறந்தால் அடி தட்டிவிடும். அப்புறம் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கச்சேரி ரோட்டைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, மாட வீதிப் பக்கம் உள்ள குழாய்க்குப் போக வேண்டும். போக அரை மணி, வரிசையில் ஒரு மணி, குடம் நிறைந்திருப்பதால் வர முக்கால் மணி. ஷரஃபுதீனின் மனைவி ஹாஜிரா பீக்கு முழங்காலில் வாயு. மகள் சகினா தலைப்பிரசவத்துக்கு வேலூரிலிருந்து வந்திருந்தாள். சித்திரை கடைசியில் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவச்சி கணக்குச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், "நான் ஒருத்தி வந்தா போறும். ஆனா ஊட்ல நாலு கொடம் தண்ணி நிக்கணும். தண்ணி இல்லாத ஊட்ல நான் கைய வெக்க மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டாள்.

ஆகவே ஷரஃபுதீன் குழாய் போடுகிற ஆபீசுக்குப் போனார். அங்கே ஆச்சரியமான ஒரு காரியம் நடந்தது. என்ஜினீயர் மறுநாளே சந்துக்கு வந்தார், பார்த்தார், சந்து முனையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்.

"இங்கேதான் குழாய். உங்கள் வட்டாரத்துக் கௌன்ஸிலர் ஒரு வரி சிபாரிசு எழுதிக் கொடுத்தால் போதும். பங்குனி முடிவதற்குள் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் இந்த வருஷத்து வேலை ஜாபிதாவில் சேர்க்க முடியாது" என்றார்.

சந்துக்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே வட்டத்துக்குள் இரண்டு முழம் பள்ளம் தோண்டித் தயாராக வைத்துவிட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பது அப்போது அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை.

பூசாரியின் பெயர் ராவ் பகதூர் அனந்தராமய்யர். ஜில்லா ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர், கௌன்ஸிலர், சௌந்தர்ய விசார சபையின் தலைவரும் அவரே. அவர் வீட்டு அண்டாவுக்கும் ஷரஃபுதீன்தான் ஈயம் பூசுவார். அந்தப் பழக்கத்தில் கொல்லைப்புறமாகப் போய் நின்று, ஆபீசுக்கு ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்றார்.

"ஆத்துல பொதுக் காரியம் பேசறதில்லை, சாயபு," என்றார் ராவ் பகதூர். "சனிக்கிழமை சபைக்கு வாரும். நிகழ்ச்சிநிரல்லே கடைசியா 'இதர விஷயங்கள்'னு ஒண்ணு இருக்கு. அப்போ கேட்கறேன்."

ஷரஃபுதீன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மனுவை மடித்து எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை ஐந்து மணிக்கே போனார். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்தார்.

முதலில் கடவுள் வணக்கம். பிறகு சக்கரவர்த்திக்கு வணக்கம். அதற்குப் பிறகு காரியதரிசி ஸ்ரீரங்கன் சென்ற கூட்டத்தின் குறிப்பைப் படித்தார். ஸ்ரீரங்கன் கேஸ் இல்லாத வக்கீல். அதனால் எதையும் விட்டுவிடாமல் எழுதுவார். சென்ற கூட்டத்தில் நடந்த முதல் காரியம் அதற்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பைப் படித்தது. ஆகவே அதுவும் குறிப்பில் இருந்தது. அதற்குள் அதற்கு முந்தையது இருந்தது. ஆடி மாதம் தொடங்கிய சபையானதால், தை மாதத்தில் குறிப்பைப் படித்து முடிக்க ஏழேகால் மணி ஆயிற்று. பிறகு காப்பியும் பஜ்ஜியும். ஏழேமுக்காலுக்கு விவாதம். எட்டுக்குத் தலைவர் மணி அடித்தார். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். 'இதர விஷயங்கள்' வரவில்லை.

"அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடும்," என்றார் ஸ்ரீரங்கன், மேஜை விளக்கை அணைத்துக்கொண்டே. "நடக்கிற தீர்மானம் முடிஞ்சாத்தானே இதரத்துக்குப் போகலாம்?"

நடக்கிற தீர்மானம் இந்த நிலையில் இருந்தது: ஜப்பான் விலக்கப்பட்டிருந்தது; அங்கே அடிக்கடி பூமி ஆடுகிறது, நிற்காத ஊரை அழகு என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தைப் பற்றிப் பேசுவதே விலக்கப்பட்டிருந்தது. அது முதலாவது என்றால் முகஸ்துதி, இரண்டாவது என்றால் ராஜத்துரோகம். ஆகவே 'போட்டிக்கு அப்பாற்பட்டது' என்று மரியாதையாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இந்தியாவை யாரும் சொல்லவில்லை. வேண்டுமென்று விட்டதல்ல, ஞாபகம் வரவில்லை. மிச்சமிருந்தவை ஸ்விட்ஸர்லாந்து, இத்தாலி, பிரான்ஸ்.

ஸ்விட்ஸர்லாந்துக் கட்சியின் தலைவர் ராமானுஜம். கடியாரக் கம்பெனிக் காலண்டர் ஒன்று அவர் வசம் இருந்தது. ஒரு மலை, ஒரு வீடு, ஒரு பசு. அது முதல் சாட்சிப்பொருளாகப் பதிவாகியிருந்தது. இத்தாலிக் கட்சியின் சாட்சிப்பொருள், ஏரி படம் போட்ட ஒரு பிஸ்கோத்துத் தகர மூடி.

"அந்தப் பசுவின் கழுத்தைக் கவனியுங்கள்!" என்று ராமானுஜம் இரண்டாவது சனிக்கிழமை முழங்கினார். "மணி கட்டியிருக்கிறது. மாட்டுக்கே மணி கட்டி அழகு பார்க்கிற தேசம் மனுஷாளை எப்படி வைத்திருக்கும்!"

"மாட்டுக்கு மணி கட்டுவது அது காணாமல் போகிற ஊரில்தான்," என்றது இத்தாலிக் கட்சி. "ஆகவே அங்கே மாடு திருடர்கள் உண்டு. திருடர்கள் உள்ள கிராமம் அழகான கிராமமா?"

இந்த இடத்தில் தலைவர் மணி அடித்தார். பசுவுக்கு ஒரு வாரம் வாய்தா கிடைத்தது.

மூன்றாவது சனிக்கிழமை காப்பி வேளையில் ஷரஃபுதீன் ஸ்ரீரங்கனிடம் கெஞ்சினார். "சாமி, நான் ராஜாவுக்கு ஊழியம் பண்ணவன். பெரிய சண்டையில பிரான்சு வரிக்கும் போய் வந்தவன். எனக்கு இந்த ஒரு உபகாரம் பண்ணக்கூடாதா?"

ஸ்ரீரங்கன் பஜ்ஜியைக் கீழே வைத்தார். "பிரான்ஸா? பிரான்ஸைப் பார்த்தவரா நீர்?"

அடுத்த நிமிஷம் ஷரஃபுதீன் சபை நடுவில் நின்றுகொண்டிருந்தார். பார்த்தவருக்கு ஓட்டுத்தான் கிடையாது. சாட்சி சொல்லலாம் என்று ஏழாவது விதிக்கு ஓர் உபவிதி இருந்தது. ராமானுஜம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு விசாரணை செய்தார்.

"நீர் பிரான்ஸ் தேசத்துக் கிராமங்களைப் பார்த்திருக்கிறீரா?"

"பாத்துக்கீறேன் சாமி. பதினேழாம் வருசம். பட்டாளத்து குண்டானுக்கெல்லாம் ஈயம் பூச இட்டுகினு போனாங்க."

"அங்கே கிராமங்கள் இருந்தனவா?"

"இருந்துச்சாம் சாமி."

"'இருந்துச்சாம்' என்பது கேள்விச் சாட்சியம். அது செல்லாது. நீர் கண்ணால் கண்டதைச் சொல்லும்."

"கண்டது பலகைதான் சாமி. ஒரு கம்பு நட்டு, அதுல பலகை அடிச்சி, ஊர் பேரு எய்தி வெச்சிருந்தாங்க. அதுக்கு அப்பால கண்ணுக்கு எட்டின வரிக்கும் சேறு."

"வீடுகள் ஓட்டு வீடுகளா, மச்சு வீடுகளா?"

"வீடே இல்ல சாமி. பீரங்கி குண்டு எல்லாத்தியும் தின்னுட்ச்சி. கூரை, சொவரு, மரம், மாடு, ஒண்ணியும் இல்ல."

"பலகையில் எழுத்து லட்சணமாக இருந்ததா?"

ஷரஃபுதீன் யோசித்தார். "நல்லாத்தான் இருந்துச்சி சாமி."

ஸ்ரீரங்கன் குறிப்பில் எழுதிக்கொண்டார்: 'பெயர்ப்பலகை அழகு. ஊர் விசாரணைக்கு ஆஜராகவில்லை.'

உட்காரச் சொன்ன பிறகும் ஷரஃபுதீன் உட்காரவில்லை. பதினெட்டு வருஷமாக யாரும் அவரைப் பிரான்ஸைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டுவிட்டார்கள், இனிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு நின்னுகினு இருந்துச்சி சாமி. கோயில் இருந்த எடத்தாண்ட ஒரு கைப்பம்பு. அது மேல ஒரு குண்டும் படல. அடிச்சா தண்ணி வரும். எங்க ஆளு, வெள்ளக்காரன், ஆப்பிரிக்காக்காரன், அல்லாரும் வரிசையில நின்னு குடிச்சோம். அந்த ஊர்ல இருந்த அழகு அது ஒண்ணுதான். இப்போகூட கண்ண மூடுனா அதான் தெரியிது."

ராவ் பகதூர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சாட்சியத்தின் கடைசிப் பகுதியை நீக்கிவிடவும்," என்றார். "பம்பு, குழாய் முதலானவை அழகின் பாற்பட்டவை அல்ல, சுகாதாரத்தின் பாற்பட்டவை. சுகாதாரத்தை நான் புதன்கிழமைகளில் நகரசபையில் கவனிக்கிறேன். சனிக்கிழமைகளில் அழகு மட்டுமே."

"அப்போ பொதங்கெழம வர்ட்டா சாமி?"

"புதன்கிழமை பொதுஜனங்களைப் பார்க்கறதில்லை."

அன்று பிரான்ஸ் தள்ளுபடியாயிற்று. ஷரஃபுதீன் வீட்டுக்குப் போனபோது ஹாஜிரா பீ முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, சபை இன்னா சொல்லிச்சி?"

"பிரான்சு தோத்துட்ச்சி."

"நம்ம கொழாய்?"

"சுஸர்லாந்து முடிஞ்சாதான் நம்முளுது."

"அது எங்க கீது? பல்லாவரத்தாண்டயா?"

"அதுக்கும் அப்பால."

"அங்க கொழாய் கீதா?"

"படத்துல தெர்ல. மாடு ஒண்ணு கீது."

ஹாஜிரா பீ எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். "அந்த மாட்டுக்கு யாரு தண்ணி மொண்டுகினு வராங்கன்னு கேட்டுகினு வரக்கூடாதா?" என்றாள். உள்ளே சகினா சிரித்தாள். சிரிக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. ஷரஃபுதீனுக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

மாசி போயிற்று. பங்குனியும் மூன்று வாரம் போயிற்று. சபையில் ஸ்விட்ஸர்லாந்துக்குப் பன்னிரண்டு, இத்தாலிக்குப் பன்னிரண்டு என்று ஓட்டு சமமாக நின்றது. தலைவர் தம்முடைய ஓட்டைப் போட்டால் ஒரு நொடியில் முடியும். ஆனால் ராவ் பகதூர் முப்பது வருஷ உத்தியோகத்தில் வாய்தா போடாமல் ஒரு தீர்ப்பும் சொன்னவரல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் சமம் என்று அறிவித்து, மணி அடித்து, வாய்தா போட்டார்.

பங்குனியின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. திங்களோடு ஜாபிதா மூடிவிடும். ஷரஃபுதீன் நான்கு மணிக்கே போய் ஸ்ரீரங்கனின் எதிரே நின்றார். மனுவை நீட்டினார். எத்தனையோ தடவை மடித்ததில் அது நாலு துண்டாகப் பிரியும் தறுவாயில் இருந்தது.

ஸ்ரீரங்கன் கெட்டவரல்ல. சட்டம் தெரிந்தவர், அவ்வளவுதான். மனுவைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கேஸ் இல்லாத வக்கீலுக்கு யோசனை வந்தால் அதை நிறுத்த முடியாது.

"சாயபு, நீர் கேட்கறது நியாயம்தான். கேட்கற இடம்தான் தப்பு. இதர விஷயமா இருந்தா கடைசியிலேதான் வரும். நடக்கிற தீர்மானத்துக்கே ஒரு திருத்தமா கொண்டுவந்தா? உடனே எடுத்துண்டுதான் ஆகணும். விதி பன்னிரண்டு."

"எனக்கு ஒண்ணியும் புரில சாமி."

"உம்ம சந்துதான் உலகத்திலேயே அழகான கிராமம்னு திருத்தம் கொடுப்போம். அப்படி இருக்கு, இப்படி இருக்குன்னு வர்ணிச்சுட்டு, கடைசி வரியிலே, 'ஆகவே இச்சந்துக்கு ஒரு குழாய் தேவை'ன்னு சேர்த்துடலாம். அழகோட அழகா குழாயும் உள்ளே போயிடும்."

"பொய்யில்லையா சாமி?"

"வர்ணனை எப்படி ஓய் பொய்யாகும்?"

காரியம் ஆக வேண்டுமானால் கழுதையின் காலையும் பிடிக்கலாம் என்பார்கள். ஷரஃபுதீன் வர்ணனையின் காலைப் பிடித்தார். கீழே கைநாட்டு வைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர், கையெழுத்தே போட்டார்.

காப்பி முடிந்ததும் ஸ்ரீரங்கன் எழுந்து படித்தார். ஷரஃபுதீன் பக்கத்தில் கை கட்டி நின்றார்.

"கனவான்களே! அதிகாலையில் இச்சந்தை ஒரு வெண்பனி வந்து மூடுகிறது" என்று தொடங்கிற்று அது. ஷரஃபுதீன் திடுக்கிட்டார். பிறகுதான் புரிந்தது: ஈயம் பூசுகிறபோது நவச்சாரத்திலிருந்து கிளம்புகிற புகை, அதனால்தான் சந்தில் பாதிப் பேருக்கு இருமல். "இரவும் பகலும் அக்கினி தேவன் இங்கே வீற்றிருக்கிறான்" என்றது அவருடைய உலைக்களத்தை. "மங்கையர் இடையிலே குடம் ஏந்தி, அன்னங்களைப் போல, அடிமேல் அடி வைத்து, நெடுந்தூரம் வரிசையாக நடந்து வரும் காட்சியைக் காணக் கண் ஆயிரம் வேண்டும்" என்றபோது சபையே ஆஹா என்றது. ஹாஜிரா பீ அடிமேல் அடி வைத்து நடப்பது முழங்கால் மடங்காததனால் என்று சொல்ல ஷரஃபுதீன் வாயெடுத்தார். ஆனால் சபையின் முகங்களைப் பார்த்ததும் அவருக்கே அந்தச் சந்தில் போய் ஒரு வீடு பிடித்துக் குடியிருக்கலாமா என்று ஆசை வந்தது.

ராமானுஜம் எழுந்தார். "ஆட்சேபணை! இது சந்து. நாம் தேடுவது தேசம்."

"சந்து மயிலாப்பூரில் இருக்கிறது," என்றார் தலைவர் நிதானமாக. "மயிலாப்பூர் சென்னையில். சென்னை இந்தியாவில். ஆகவே இந்தத் திருத்தம் நிறைவேறினால் ஜெயிப்பது இந்தியா தேசம். சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்ட தேசமாகையால் விசுவாசத்துக்கும் பங்கமில்லை. ஆட்சேபணை தள்ளப்பட்டது. இந்தச் சந்தைப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால் விதி ஏழின்படி விலகிக்கொள்ளலாம்."

யாரும் விலகவில்லை. சந்து அவர்கள் உட்கார்ந்திருந்த சுவருக்குப் பின்னால்தான் இருந்தது. அந்தப் பக்கத்து ஜன்னலை மண்டபம் கட்டிய நாளிலேயே ஆணி அடித்து மூடியிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் அங்கே போய் வந்திருந்தன. அவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்த்ததில்லை. இவ்வளவு சுத்தமான தகுதியோடு அந்தச் சபை எந்த ஊரைப் பற்றியும் ஓட்டுப் போட்டதில்லை.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இத்தாலி ஜெயிப்பதைவிட ஈயக்காரச் சந்து ஜெயிக்கட்டும் என்று ராமானுஜம் கட்சி கை தூக்கிற்று. ஸ்விட்ஸர்லாந்து ஜெயிப்பதைவிட இது மேல் என்று இத்தாலியும் தூக்கிற்று. இருபத்துநாலு கைகள். கரகோஷம் அடங்கச் சில நிமிஷம் ஆயிற்று. ஷரஃபுதீனும் கை தட்டினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. குழாய் வந்துவிட்டது என்றே நினைத்தார்.

"சாமி, கடைசி வரி..." என்றார்.

"ஆமாம், கடைசி வரி ஒன்று இருக்கிறது," என்றார் ராவ் பகதூர். எழுந்து நின்றுகொண்டார். ஜட்ஜாக இருந்த காலத்துக் குரல் திரும்பி வந்தது. "கனவான்களே, பூரணமான அழகு என்பது என்ன? ஒன்றைச் சேர்த்தாலும் கெடும், ஒன்றை எடுத்தாலும் கெடும். இந்தச் சந்து உலகத்திலேயே அழகானது என்று இப்போதுதான் ஏகமனதாகத் தீர்மானித்தோம். அடுத்த நிமிஷமே இதில் ஒரு குழாய் குறைகிறது என்று சொன்னால் நாம் புத்தி சுவாதீனம் உள்ள சபையா? மேலும், மனுதாரரே தம் வர்ணனையில் குடம் ஏந்திய மங்கையர் நெடுந்தூரம் நடந்து வருவதைச் சிறப்பித்திருக்கிறார். குழாய் வந்தால் அவர்கள் எதற்கு நடப்பார்கள்? சந்தின் தலையாய அழகே போய்விடும். மனுதாரரின் சொந்த வாக்குமூலத்தையே ஆதாரமாகக் கொண்டு, அவருடைய கடைசி வரியைத் தள்ளுபடி செய்கிறேன்."

மனுதாரர் கையெழுத்துப் போட்டிருந்தாரல்லவா? அதுதான் வினை.

"சாமி, எம்பொண்ணு முழுகாம கீறா," என்றார் ஷரஃபுதீன். "நாலு கொடம் தண்ணி இல்லாங்காட்டி மருத்துவச்சி கைய வெக்க மாட்டேங்கிறா. அழகு வாணாம் சாமி. அந்த ஓட்டையெல்லாம் திருப்பி எடுத்துக்கங்க. சுஸர்லாந்துக்கே குடுத்துடுங்க."

"தீர்ப்பான விஷயத்தை மறுபடி எழுப்பப்படாது," என்றார் ராவ் பகதூர், பிரியமாகவே. "ஆனா நீர் கவலைப்படாதேயும். ஆபீசுக்கு ஒரு வரி எழுதணும்னீரே, அதை இப்பவே எழுதித் தரேன்."

எழுதியும் கொடுத்தார்: 'ஈயக்காரச் சந்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.' திங்கட்கிழமை என்ஜினீயர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ஷரஃபுதீனின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஜாபிதாவில் சந்தின் பெயரைக் கோடிட்டு அடித்தார்.

சபை இத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தீர்ப்பைக் கல்லில் பொறித்து சந்து முனையில் நாட்டுவதென்று தீர்மானித்தது. நாலு முழக் கருங்கல்; எழுத்து அதன் தட்டையான உச்சியில். 'உலகில் அழகிய கிராமம் இதுவே. இதில் குறைவு ஒன்றும் இல்லை. மயிலை சௌந்தர்ய விசார சபையார்.' கல் நாட்ட வந்த ஆட்களுக்கு வேலையே இருக்கவில்லை. குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

திறப்புவிழா சித்திரைக் கடைசியில், கத்திரி வெயிலில், மாலை நாலு மணிக்கு. அன்று மத்தியானமே சகினாவுக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி உள்ளே போய்ப் பார்த்து, மூன்று குடம் நிற்கிறது, நாலாவது எங்கே என்று கேட்டாள். ஹாஜிரா பீ குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "நான் போறேன்" என்றார் ஷரஃபுதீன். "ஆம்பளைய வரிசையில வுட மாட்டாளுங்க. நீ ஊட்டாண்ட நில்லு" என்று சொல்லிவிட்டு அவள் அடிமேல் அடி வைத்து நடந்தாள்.

நாலு மணிக்கு சபையார் வந்தார்கள். வந்த இடத்தில் ஒரு சட்டச் சிக்கல். சந்தைப் பார்த்துவிட்டால் விதி ஏழின்படி அவர்களுடைய ஓட்டு செல்லாமல் போகும், தீர்ப்பே கவிழ்ந்துவிடும். ஸ்ரீரங்கன்தான் வழி கண்டுபிடித்தார். இருபத்துநாலு பேரும் சந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். ராவ் பகதூரும் முதுகைத் திருப்பியபடியே, கையைப் பின்னால் நீட்டித் துழாவி, கல்லின் மேலிருந்த பட்டுத் துணியை இழுத்தார். சந்துக்காரர்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்று அந்த முதுகுகளை மரியாதையோடு பார்த்தார்கள்.

பிறகு ராவ் பகதூர் பேசினார். கிரேக்க தேசத்திலிருந்து ஆரம்பித்தார். சரிகைத் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு, ஐந்து மணிக்கு ரோமாபுரிக்கு வந்தார். கூஜாவில் கொண்டுவந்திருந்த தண்ணீர் ரோமாபுரிக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. ஐந்தேகாலுக்கு, "என் பின்னால் இருக்கும் இந்த அழகு" என்று சொல்லி ஒரு கையை உயர்த்தினார். உயர்த்தியபடியே சாய்ந்தார்.

"தண்ணி! தண்ணி!" என்று இருபத்துநாலு பேரும் கத்தினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நெருக்கடியிலும் விதியை மறக்கவில்லை. "சாயபு! சீக்கிரம் தண்ணி!" என்று ஸ்ரீரங்கன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கூவினார்.

ஷரஃபுதீன் கல்லின் பக்கத்தில் நின்றிருந்தார். மற்ற முப்பது வீட்டிலும் குடம் காலி. அவர் வீட்டில் மூன்று குடம் இருந்தது. அதில் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அந்த நேரத்தில் அவருக்குப் பிரான்ஸ் ஞாபகம் வந்தது. அங்கே பலகை இருந்தது, ஊர் இல்லை. ஆனாலும் பம்பு இருந்தது. இங்கே ஊர் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. பம்பு இருக்க வேண்டிய பள்ளத்தில் கல் நிற்கிறது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படித்த மனுஷர்மேல் அவருக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. கீழே கிடந்த மனுஷரின் வாய் கோணியிருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அப்போது ரோட்டுப் பக்கமிருந்து ஹாஜிரா பீ வந்தாள். முழுக் குடம், முகமெல்லாம் வேர்வை. வழியை மறித்துக்கொண்டு கிடந்த ராவ் பகதூரைப் பார்த்தாள். வீட்டுக்குள்ளிருந்து சகினாவின் கூச்சல் கேட்டது.

"அம்மா, தண்ணி கொடு, பெரியவர் விழுந்துட்டார்!" என்றார் ராமானுஜம்.

"இதுல ஒண்ணியும் கொறைவு இல்லன்னு கல்லுல எய்தி வெச்சிக்கீறீங்களே சாமி," என்றாள் ஹாஜிரா பீ. "கல்ல புழிஞ்சி பாருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளாலும் தாண்டிப் போக முடியவில்லை. குடத்தைக் கல்லின் மேல் இறக்கி வைத்து, ஒரு கை அள்ளி, ராவ் பகதூரின் முகத்தில் அறைந்தாற்போல் அடித்தாள். "மிச்சம் எம்பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் போய்விட்டாள்.

ராவ் பகதூர் கண் திறந்தார். முகத்தைத் தடவிப் பார்த்தார். விரலில் ஈரம். பிறகு மெல்லிய குரலில், ஆனால் தெளிவாக, "ஸ்ரீரங்கன், குறிப்பிலே எழுதிக்கும்," என்றார்.

ஸ்ரீரங்கன் பென்சிலை எடுத்தார்.

"மேற்படி சந்தில் தண்ணீர் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிறது என்பதைத் தலைவர் நேரில் அனுபவித்தார்."

அவரைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினார்கள். ஆறு மணி சுமாருக்கு உள்ளே ஒரு குழந்தை அழுதது. பெண். மருத்துவச்சி வெளியே வந்து, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொல்லி, கையோடு ஒரு காலிக் குடத்தையும் ஷரஃபுதீனிடம் நீட்டினாள். "இன்னும் ஒண்ணு வேணும்."

ஷரஃபுதீன் குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அன்று வரிசையில் நின்ற பெண்கள் விஷயத்தைக் கேட்டு அவருக்கு வழி விட்டார்கள். குடம் நிறைந்து திரும்பி வரும்போது தோள் விட்டுப்போயிற்று. சந்து முனைக்கு வந்ததும் குடத்தைக் கல்லின் மேல் இறக்கி வைத்துவிட்டுச் சற்று நின்றார். இடுப்பு உயரம், குனிய வேண்டியதில்லை, தூக்கவும் வேண்டியதில்லை. அந்த ஒரு சௌகரியம் சந்துக்கு நிரந்தரமாகக் கிடைத்தது. மறுநாளிலிருந்து பெண்கள் எல்லோரும் அங்கேதான் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். நாலைந்து வருஷத்தில் குடத்து அடி தேய்த்துத் தேய்த்து, கல்லில் எழுதியிருந்தது ஒன்றும் படிக்க முடியாமல் போய்விட்டது.